மைக் செட் சம்பந்தியும் ஒரு வார்த்தையும்

என் சம்பந்தியைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் தெருச் சங்கத்தார் கேட்டார்கள். உலக நாடுகளெல்லாம் கூடுகிற பருவநிலை மாநாட்டில் எங்கள் கடலோரத்தின் சார்பாகப் பேசப் போகிறார், அதனால் மலரில் போட வேண்டுமாம். "என்னைப் பத்தி எழுத ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டேன். "அவருக்கு நெருங்கின சொந்தம் நீங்கதானே ஐயா" என்றார் செயலாளர். பெண் எடுத்த பாவத்துக்கு எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னைக் கைகழுவியது. தோளில் ஐஸ் பாளம் சுமந்தவன், இன்று ஐஸ் கம்பெனி முதலாளி. யார் உதவியும் கிடையாது. மாமனார் வாங்கித் தந்த சைக்கிளையே திருப்பி அனுப்பியவன் நான். இதைச் சொல்லாமல் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. அந்த மேடைகளுக்கெல்லாம் மைக் கட்டியவர்தான் சம்பந்தி.

கம்பத்தில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது, ஒயரை இழுப்பது, "ஹலோ, ஹலோ" என்று ஊதிப் பார்த்துவிட்டு இறங்கிப் போவது. வாழ்நாள் முழுக்க மைக்கில் அவர் பேசியது அந்த ஒரே வார்த்தைதான். கடை கடலோரத் தெருவில் இருந்தது. கடல் முதலில் தெருவைத் தின்றது, பிறகு கடையை. உப்புக் காற்றில் ஒயரெல்லாம் பச்சை பூத்துப்போனது. மிச்சமிருந்ததை வீட்டுக்குள் கொண்டுபோனார். "எங்கம்மாவும் அப்பாவும் கட்டில்ல படுக்கலை மாமா, ஆம்ப்ளிஃபயர் மேல படுக்கறாங்க" என்பாள் என் மருமகள்.

மாநாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்தார். சங்கக் கட்டடத்தில் கூட்டம். நான் அரைமணி நேரம் பேசினேன். ஐஸ் பாளத்தில் தொடங்கி வடதுருவம் வரை போய் வந்தேன். நடுவில் மைக் கொர்ரென்றது. சம்பந்தி ஓடிவந்து என் கையிலிருந்து வாங்கித் தட்டினார். "ஹலோ. ஹலோ. இந்தக் கம்பம் நிக்கிற இடம் முன்னாடி ஊருக்கு நடுவுல இருந்துச்சு. இப்ப அலைத் தண்ணி வந்து ஒயரை நனைக்குது. அதான் இரைச்சல்" என்றார். மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் சொன்னார். அம்மா பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதிக்கொண்டார். என் அரைமணி நேரத்தில் அந்தப் பேனா அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். "வயித்தெரிச்சலுக்கு ஐஸ் வெச்சுக்குங்க, நம்மகிட்ட இல்லாததா?" என்றாள் மனைவி.

"ஐஸ் விக்கிறதுதான் என் தொழில். யாருக்கும் ஐஸ் வெச்சுப் பழக்கமில்லை" என்றேன். ஆனாலும் எரிந்தது. பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் என் பக்கம் காற்றடித்தது. சம்பந்தி பேச வேண்டிய இரண்டு நிமிடத்தை அம்மா எழுதிக் கொடுத்தார். அதில் 'உதவி செய்யுங்கள்' என்று இருந்தது. சம்பந்தி 'நஷ்டஈடு கொடுங்கள்' என்றுதான் சொல்வேன் என்று நின்றார்.

"அந்த வார்த்தையைக் கேட்டா பணக்கார நாடுகள் எழுந்து போயிடும் ஐயா. போன தடவை பேச்சு அதுலதான் முறிஞ்சுது. இந்தத் தடவை கடலோர ஜனங்களை மேட்டு நிலத்துக்கு மாத்த நிதி வர மாதிரி இருக்கு. ஒரு வார்த்தையால கெட்டுடக் கூடாது" என்றார் அம்மா.

"லாரியை ஓட்டிட்டு வந்து என் சுவத்தை இடிச்சவன், உதவி பண்றேன்னு வந்து நின்னா நான் கும்பிடணுமாம்மா?"

அம்மா நேரே என் ஐஸ் கம்பெனிக்கு வந்தார். "நீங்க போறீங்களா ஐயா? எழுதினதை அப்படியே சொன்னா போதும்." நான் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றே, மாநாடு நடக்கிற குளிர்நாட்டுக்கு ஏற்ற கம்பளி ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன், நீல நிறத்தில். இடம் கொடுக்கும்போது விட்டுத்தருவதற்கு நான் என்ன ஏமாளியா?

சங்கக் கட்டடத்தில் ஒத்திகை. மைக் கட்ட அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், வேறு ஆள் ஏது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. உயரத்தை எனக்குச் சரிசெய்து, "பேசுங்க சம்பந்தி" என்றார். அது இன்னும் எரிச்சல்.

கடகடவென்று சொல்லிக்கொண்டே வந்தேன். "ஆகவே எங்களுக்கு..." என்றேன். 'உதவி' என்ற அடுத்த வார்த்தை வரவில்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடி "ஆகவே எங்களுக்கு..." அங்கேயே நின்றது.

"மைக்ல கோளாறு" என்றேன்.

"மைக் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னாள்: "மாமனார்கிட்டயே சைக்கிள் வாங்காதவர் உலகத்துகிட்ட எப்படிக் கேப்பாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சரி ஐயா, அந்த இடத்துல உங்களுக்கு எந்த வார்த்தை வருதோ அதைச் சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தேன். 'நஷ்டஈடு' என்று வந்தது, ஒலிபெருக்கி அதிர. சம்பந்தி குனிந்து ஒயரைச் சுருட்டுவதுபோல் இருந்தார். தோள் குலுங்கியது.

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லப் போறீங்கன்னா, முதல்ல தேர்ந்தெடுத்தவரே போகட்டும்" என்றார் அம்மா, காகிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டு. "அங்க எழுந்து போனாங்கன்னா போகட்டும். உட்கார்ந்திருக்கிற நாடுகளும் இருக்கு."

ஆக, என் வாயால் அவருக்கு இடம் உறுதியானது. இதை எந்த மேடையில் சொல்வது?

கிளம்புகிற அன்று மருமகள் வந்து நின்றாள். "மாமா, அப்பாகிட்ட குளிருக்கு ஒண்ணுமே இல்லை. உங்க ஸ்வெட்டர்..." என்று இழுத்தாள். எடுத்துக் கொடுத்தேன். உதவி என்று நினைத்துவிடாதே, திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவருக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது. எனக்கென்று அளவெடுத்ததுபோல் இருந்த ஸ்வெட்டர்.

மாநாடு இன்னும் தொடங்கவில்லை. அந்த வார்த்தை நிற்குமா, விழுமா, யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் காட்டுவார்களாம். அவர் எழுந்ததும் "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்ப்பார், அது நிச்சயம். எனக்கு வாய்த்திருந்தால் தட்டாமலே பேசியிருப்பேன்.