பதினாறு மணி நேரம் என்று நான் சொன்னது

எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. பஸ் போர்டு படிப்பேன், மெல்ல எழுத்துக்கூட்டி எழுதுவேன். ஆனால் காரிமங்கலத்தில் எந்த பஸ் ஏறினால் எத்தனை மணிக்கு எங்கே இறங்கலாம் என்று என்னைக் கேட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் கிளம்புவார்கள். என் கணக்கு தப்பினதில்லை.

என் வூட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டார். ஒரே மகன், கனடாவில் இருக்கிறான். போனில் அழுதான். நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பிளேன், வந்துவிடுகிறேன் என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நானும் கேட்கவில்லை.

கொழுந்தனார் அன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். எங்கள் பக்கம் சனிக்கிழமையில் எடுத்தால் பாடையில் கோழி கட்டுவார்கள். இல்லாவிட்டால் போகிறவர் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொள்வார் என்று பயம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பக்கத்து வூட்டுப் பெண்ணை விட்டு மகன் இருக்கிற ஊர், பெங்களூரு என்று இரண்டு ஏர்போர்ட் பேரையும் போனில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பதிமூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் என்று வந்தது. காலை எட்டு மணிக்குப் பெங்களூரு. கார் மூன்று மணி நேரம். பதினொரு மணிக்கு வாசலில் நிற்பான் என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அண்ணி, பிளேனுக்கு நம்ம டவுன் பஸ் கணக்கு ஆவுமா? அவனையே ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார் கொழுந்தனார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

ஐஸ் பெட்டி வந்தது. சனிக்கிழமை பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மகன் போன் எடுக்கவில்லை. தூரத்துச் சனங்கள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஒரு மணிக்குக் கரண்ட் போனது. வெயில் சொல்ல முடியாது. பெட்டிக் கண்ணாடியை நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். உள்ளே முகம் மாற ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு துடைக்கவில்லை.

மூன்று மணிக்கு வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். நேர்ப் பிளேன் கிடையாதாம். நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தானாம், மாறிப் போகிற பிளேனும் நின்றுவிட்டதாம். நாளைக் காலையில்தான் வர முடியும் என்றான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான், உயிரோடு இருக்கிறவரைக் கேட்கிற மாதிரி.

"எடுத்துடறோம் சாமி" என்றேன்.

கொழுந்தனாரே போய்க் கோழி பிடித்து வந்து கட்டினார். மகன் செய்ய வேண்டியதை அவரே செய்தார். கோழி புதைக்கிற தோட்டம் வரைக்கும் கத்திக்கொண்டே போனது, வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மகன் வந்தான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. பெட்டியைப் பற்றி, கரண்டைப் பற்றி யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமையே எடுத்திருக்கலாமேம்மா. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், சனிக்கிழமைக்குள்ள வர முடியாதுன்னு. எனக்காகவா அவரை அப்படிப் போட்டு வெச்ச?"

தக்காளித் தோட்டத்து ஓரத்துக்குக் கூட்டிப் போனேன். புது மண் இன்னும் ஈரமாக இருந்தது. தலை எந்தப் பக்கம் என்று கேட்டான். காட்டினேன். அங்கே உட்கார்ந்து, முகம் இருக்கிற இடமாகப் பார்த்துக் கையை வைத்தான். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.