அரைவாசி செதில் உரித்த கொடுவா

மன்னார் மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் அவரை நான் சட்டையோடு கண்டதே இல்லை. வயிறு என்னுடையதைவிடப் பெரியது. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். அன்று முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

“என்ன தம்பி, கலியாண வீடோ?”

“இல்லை சேர், வெயில் படக்கூடாதாம்.” சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் உள்ளங்கையளவு தோல் உரிந்து சிவந்திருந்தது. “பிள்ளை பிறந்த பிறகு வயித்தில கோடு விழுந்திட்டுதெண்டு வீட்டுக்காரிக்கு ஒரே கவலை. தோல் உரிக்கிற அசிட் ஒண்டை ஒன்லைன்ல எடுத்தவ. எனக்கும் கோடு கிடக்குத்தானே, முதல்ல நான் பூசிப் பார்த்தனான்.”

“பிறகு அவவும் பூசினவவோ?”

“எங்க சேர்! ‘அரைவாசி செதில் உரிச்ச கொடுவா மாதிரி நிக்கிறீங்கள்’ எண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. பிள்ளை பிறந்த பிறகு இப்பதான் அப்பிடிச் சிரிச்சவ. போத்தல் குப்பைக்குப் போயிட்டுது.”

“எரியேல்லையோ?”

“எரியுதுதான்,” என்று ஏதோ பரிசு கிடைத்தவர்போலச் சொல்லிவிட்டு, நான் வாங்கிய பாரை மீனை வெட்டத் தொடங்கினார்.

அதே மாதிரிப் போத்தல் ஒன்று என் அலுமாரியிலும் இருக்கிறது, என் வயிற்றுக்காக வாங்கியது. எனக்காக முதலில் பூசிப் பார்ப்பாயா என்று அன்று மனைவியிடம் கேட்டேன். அவளும் நன்றாகத்தான் சிரித்தாள்.