அம்மாவின் ஆமென்

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா ஜெபம் செய்வார். கர்த்தருக்கு நன்றி சொன்னதோடு விடமாட்டார். வாவியில் வலை வீசியவர், கரடியனாற்றில் நெல் விளைத்தவர், செங்கலடிச் சந்தையில் கத்தரிக்காய் விற்ற பெண் என்று அந்தச் சோற்றில் கைபட்ட எல்லாரையும் ஆசீர்வதிக்கக் கேட்டு, கடைசியில் 'சமைத்த கைகளையும்' என்று முடிப்பார். நாள் தவறாமல் அதே சொற்கள். பிறகு அம்மா ஆமென் சொல்ல வேண்டும். அதுவரை சோற்றுக் கோப்பையில் கை வைக்கக்கூடாது. எனக்கும் தம்பிக்கும் தினமும் இது பெரிய சோதனை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கறி. ஆனால் வீடு சரியில்லை. முதல் நாள் மாமி குடும்பத்தோடு வந்திருந்தபோது, "வாவி உப்புத் தண்ணியிலயா சொதி வச்ச?" என்று அம்மாவைக் கேட்டு அப்பா எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதிலிருந்து அவரோடு பேச்சும் இல்லை. அப்பாவும் லேசில் இறங்கி வருகிற ஆள் இல்லை.

ஜெபம் தொடங்கியது. வலை வீசியவர் வந்தார், நெல் விளைத்தவர் வந்தார், சந்தைப் பெண்ணும் வந்தாள். அத்தோடு அப்பா நிறுத்திக்கொண்டார். அம்மா வாயே திறக்கவில்லை.

நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். கறியில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தேங்காய் பறித்தவரைச் சேர்த்தார். பலனில்லை. மிளகாய் அரைத்த மில்காரரையும் சேர்த்தார். அடுத்து உப்பு என்று வாயெடுத்தவர், சட்டென்று விழுங்கிவிட்டார். தம்பி அழப் பார்த்தான்.

"ஆமென் சொல்லுங்களேன் அம்மா" என்றேன்.

"ஜெபம் இன்னும் முடியல்ல மகள்" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

பிறகு அப்பாவின் குரல் தணிந்து வந்தது.

"கர்த்தாவே, சமைச்ச கைகளையும் ஆசீர்வதியும். நேத்து ஆக்களுக்கு முன்னால அந்தக் கைகளப் பகிடி பண்ணின வாயை மன்னியும்."

"ஆமென்" என்ற அம்மா, பெரிய நண்டுக்காலை எடுத்து அப்பாவின் கோப்பையில் வைத்தார். எனக்கென்று நான் கண் வைத்திருந்த கால் அது.

எனக்கு அப்பா மீதுதான் கோபம். தினமும் சொல்கிற ஒரு வரியை மறந்து, நல்ல கறியை ஆறவிட்டுவிட்டாரே. அவர் மறக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை வருடம் வாய்க்குப் பழகிய வரியை அவர் மனதாரச் சொன்னது அன்றுதான் என்பது, கல்யாணமாகி, என் வீட்டிலும் கறி ஆறத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.