லூப் போட்டவள்

ஒரு வார்த்தை கெட்டுப்போவதை நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். பால் திரிகிற மாதிரி ஒரே நாளில் நடந்துவிடவில்லை, ஆறேழு வருடம் ஆனது. எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அதில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. அதைக் கொண்டுவந்தவரே என் வீட்டுக்காரர்தான்.

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் கம்பெனி பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிற கிளார்க். பெரியவள் நடை பழகி முடிப்பதற்குள் சின்னவள் பிறந்துவிட்டாள். இரண்டும் பெண். என் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. குடம் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஒருநாள் சாயங்காலம் அவர் கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"புள்ள உண்டாகாம இருக்க லூப்னு ஒண்ணு வந்திருக்குதாம். ஆபரேஷன் இல்ல, கத்தி இல்ல. கொஞ்ச நேரத்துல வச்சி வீட்டுக்கு அனுப்பிடறாங்களாம். ஹெல்த் ஆபீஸ்காரரு ஒருத்தரு டிக்கெட் எடுக்க வந்தாரு, அவருதான் சொன்னாரு. நமக்கு இதுங்க ரெண்டு போதும். இன்னா சொல்றே?"

எந்தப் புருஷன் அந்தக் காலத்தில் "இன்னா சொல்றே"னு கேட்டான்? நான் பூரித்துப்போனேன். பைத்தியக்காரி.

முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். நல்ல குரல் அந்த அம்மாவுக்கு, வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் கம்பி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பாதி பிழிந்து விட்ட முறுக்கு மாதிரி வளைந்து வளைந்து, நுனியில் நூலோடு இருந்தது. "இதுக்குப் பேரு லூப், கர்ப்பப்பையில வச்சிடுவோம். இதுல பயப்பட ஒண்ணுமில்ல. வேணாம்னா எடுத்துக்கலாம். வருஷத்துக்கு ஒருவாட்டி வந்து காட்டிட்டுப் போ" என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாடம் சொல்கிற மாதிரி இருந்தது. வெளியே புங்க மரத்தடியில் பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். நான் வந்ததும் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். "வலிச்சுதா?"னு இரண்டு தரம் கேட்டார்.

வீடு திரும்பும்போது மட்டும் ஒன்று சொன்னார். "அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லிக்காத. பேரன் பேரன்னு உசுர விடுது. நேரம் பார்த்து நானே சொல்றேன்."

என் மாமியார் கீழ்பென்னாத்தூரில் பெரிய மகன் வீட்டில் இருந்தார். கார்த்திகைத் தீபத்துக்கு வருவார், நடுவில் பெரிய மருமகளோடு சண்டை வந்தால் வருவார். பெரியவருக்குப் பிள்ளையே இல்லை. ஆகவே அந்தம்மாவின் கண் முழுக்க என் வயிற்றின் மேல்தான். வீட்டுக்காரரே சொல்லிக்கொள்கிறேன் என்கிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அப்போது அந்த வார்த்தை குழாயடியில் சாதாரணமாகப் புழங்கியது. புளி என்ன விலை, ரேஷனில் மண்ணெண்ணெய் வந்ததா என்று கேட்கிற வாயால் "லூப் வச்சா இடுப்பு வலிக்குமா?"னு கேட்பார்கள். நான் மட்டும் வாய் திறக்க மாட்டேன், மாமியார் காதுக்குப் போய்விடுமே. எதிர் வீட்டில் மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி ஒருத்தி இருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கும் இரண்டு குழந்தைகள். புருஷன் வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான், வந்துபோன கையோடு இவள் வாந்தி எடுப்பாள். அவளை நான்தான் நர்ஸம்மாவிடம் அழைத்துப் போனேன். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. "நான் லூப் போட்டுகினேன், இனிமே கவலையில்ல"னு குழாயடியிலேயே சொல்லிவிட்டாள்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு யாரோ ஒருத்தி, யார் என்று இன்றுவரை தெரியாது, "புருஷன் எல்லையில கிறான், இவளுக்கு எதுக்கு லூப்பு?"னு கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அந்தக் கேள்வி சந்து முழுக்கச் சுற்றியது. அவள் தலையில் பூ வைத்தால் லூப், பால்காரனிடம் சிரித்தால் லூப், அடி அண்ணாமலை கிராமத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் இருட்டி வந்தால் லூப். அதுவரை கடைசியில் ஒட்டாமல் இருந்த ஒரு 'உ' சேர்ந்துகொண்டது. லூப் என்றால் ஆஸ்பத்திரிப் பொருள். லூப்பு என்றால் அவள்.

எனக்கு வந்ததே கோபம். குடத்தை நங்கென்று கீழே வைத்துவிட்டு, "உங்க வாய்க்கெல்லாம் ஒரு லூப்பு போட்டா தேவல"னு கத்தினேன். அதற்கு ஒருத்தி, "உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரோஷம் பொத்துகினு வருது? நீயும் அந்த கேஸா?"னு கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லையே.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லி அழுதேன். "வார்த்தைதானே, விடு. ரெண்டு நாள் பேசுவாளுங்க, அப்புறம் மறந்துடுவாளுங்க" என்றார். யாரும் மறக்கவில்லை. மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு போளூரில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வார்த்தை மட்டும் எங்கள் சந்தில் தங்கிவிட்டது.

அதன் பிறகு அதற்குக் கால் முளைத்தது. சினிமாக் கொட்டகை வாசலில் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற பையன்கள் போகிற வருகிற பெண்களைப் பார்த்து "டேய், லூப்புடா" என்றார்கள். சின்னக்கடைத் தெருவில் பூக்காரியும் காய்கறிக்காரியும் சண்டை போட்டால் முதல் வசவே அதுதான். லூப்பைக் கண்ணால் பார்த்திராத கிழவியைக்கூட அப்படித் திட்டினார்கள். எமர்ஜென்சி காலத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆம்பளைகளையும் கேலி பேசத்தான் பேசினார்கள். அது டீக்கடையோடு முடிந்துபோனது. பெண்ணுக்கென்று வந்தது மட்டும் போகவில்லை. என் உடம்புக்குள் இருந்த ஒரு பொருளின் பெயரைத் தெருவில் யாரோ யாரையோ காறித் துப்புகிற மாதிரி சொல்லும்போது, நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வேன். வருடா வருடம் போய்க் காட்டுவதையும் நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால்?

இங்கே மாமியாரின் ஏக்கம் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒரு வேண்டுதல் உண்டு. பிள்ளை வேண்டுமென்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டு, பிறந்ததும் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைப் போட்டு, அப்பனும் ஆத்தாளும் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி மாட வீதியைச் சுற்றி வருவார்கள். தீபத் திருவிழாவில் இதைப் பார்க்கலாம். மாமியார், தனக்குப் பேரன் பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். வருடா வருடம் தேர் அன்று மாட வீதியில் நின்று, போகிற தொட்டிலையெல்லாம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "அடுத்த வருஷம் நம்ம தொட்டில்"னு என் கையைப் பிடிப்பார். செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கச் சொன்னார், இருந்தேன். கசப்பாக ஒரு சூரணம் வாங்கி வந்தார், வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். மலையைச் சுற்றச் சொன்னார், வெறுங்காலோடு சுற்றினேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சொல்லிடுங்களேன், பாவம் அத்தை"னு கெஞ்சினேன். "அடுத்தவாட்டி வரட்டும்" என்பார். ஒருதரம் சூரண டப்பாவை அவரே எடுத்து, "மறக்காம குடி, அம்மா கேக்கும்"னு நீட்டினார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எண்பதுகள் பிறந்துவிட்டன. இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் தேர் அன்று மாமியாரும் நானும் மாட வீதியில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றோம். ஒரு தொட்டில் எங்களைக் கடந்துபோனது. அப்போது பின்னாலிருந்து என் தோளை யாரோ தட்டினார்கள். திரும்பினால் அந்த நர்ஸம்மா. தலை நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஏம்மா, நீ தேரடித் தெரு பொண்ணுதானே? எத்தனை வருஷமாச்சு, வந்து காட்டவே இல்லியே! லூப் நல்லா இருக்குதா? நூல் தட்டுப்படுதா?"

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வாயில் அது இன்னும் ஆஸ்பத்திரி வார்த்தையாகவே இருந்தது. பஞ்சு, ஊசி, டெட்டால் என்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் முன்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமியார் என் கையை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு மாமியார் மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக்கொண்டார். நான் வைத்த தண்ணீரைத் தொடவில்லை. திருவிழா ஸ்பெஷல் பஸ்கள் ஓடின, இவருக்கு வீட்டுக்கு வரவே நேரமில்லை. வந்து குளித்துவிட்டு ஓடுவார். கிடைத்த நிமிஷத்தில் அவரைச் சமையல் மறைப்புக்குப் பின்னால் இழுத்து நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது. "பார்த்துக்கறேன், நீ வாய மூடிகினு இரு" என்றார். எனக்கு மலை மாதிரி நம்பிக்கை. ரெண்டு பேரும் சேர்ந்து செய்தது என்று ஒரு வாக்கியம், அவர் அதைச் சொன்னால் போதும். அந்தம்மா அழுவார், திட்டுவார், ஊருக்குப் போய்விடுவார். நான் திருடி இல்லை, கெட்டவள் இல்லை என்றாவது ஆகும்.

தீபத்தன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியவரும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கை ஏற்றுவது, அதனால் ஊரே காத்திருந்தது. பக்கத்து மாடிகளிலும் நெருக்கிக்கொண்டு ஜனம். இவர் அரக்கப் பரக்க டூட்டியிலிருந்து வந்து சேர்ந்தார். அவர் செருப்பைக் கழற்றியதும் மாமியார் ஆரம்பித்தார்.

"டேய், உன் பொண்டாட்டி லூப்புடா! என் வம்சத்த அறுத்துட்டு, எனக்கு முன்னாலயே வெரதம் இருந்து நடிச்சாடா. தெருவுல நின்னு கேட்டுட்டு வந்தேன். உனக்குத் தெரியுமாடா இது? சாமி சாட்சியா சொல்லு!"

பக்கத்து மாடியில் பேச்சு நின்றது. என் பெண்கள் இரண்டும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றன. நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். அதே நேரம் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. அரோகரா என்று ஊர் மொத்தமும் கத்தியது, வேட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. எல்லாரும் கையைத் தலைக்கு மேல் கூப்பினார்கள், அவரும் கூப்பினார். சாமியே அவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் கொஞ்சம் அடங்கியது. கூப்பிய கையை எடுக்காமல் அம்மா பக்கம் திரும்பினார்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"இன்னாங்க சொல்றீங்க? நீங்கதானே இட்டுகினு போனீங்க? மரத்தடியில நின்னீங்களே! சோடா வாங்கிக் குடுத்தீங்களே!"

"புள்ள பெத்த ஒடம்பு, சத்து ஊசி போடணும்னு சொன்னா. நானும் நம்பி கூடப் போனேன்."

யோசித்துச் சொன்ன மாதிரியே இல்லை. தடுமாற்றமே இல்லை. அந்தப் பொய்யை எத்தனை வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தாரோ தெரியாது. நான் விரதம் இருந்தபோதா, சூரணம் குடித்தபோதா? மரத்தடியில் நின்றபோதே வைத்திருந்தாரோ? அந்த வார்த்தை சொன்ன மாமியார் மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

"ஐயோ, எம்புள்ளைய ஏமாத்திட்டாளே"னு மாமியார் அவர் தலையைத் தடவினார். கீழே இறங்கி நான் அகலைத் தொடப்போனேன். "நீ ஏத்தாத"னு தட்டிவிட்டு, மாமியார் பெரிய மருமகளை என் வீட்டு விளக்கை ஏற்றச் சொன்னார். இவர் உட்கார்ந்து பொரி உருண்டை தின்றார். பெரியவள் என்னிடம் வந்து, "நீ இன்னாம்மா தப்பு பண்ணே?"னு கேட்டாள். "உங்க அப்பாவ நம்பினேன்"னு சொன்னேன். அவர் காதில் விழுந்தது. இன்னொரு உருண்டையை எடுத்தார்.

கூட்டம் குறைந்ததும் மாமியார் ஊருக்குக் கிளம்பினார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இவரே பஸ் ஏற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நான் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். மோர் சாதம் பிசைகிறபோது வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். தெய்வமே, கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அது இருக்குது இல்ல? கோவத்துல போயி எடுத்துகினு வந்துடலியே?" என்றார்.

"எது?"

"அதான்..."

"எதுன்னு பேரைச் சொல்லுங்க. இருக்குதா இல்லியான்னு சொல்றேன்."

என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். சோற்றைப் பாதியில் விட்டுத் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டியபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் தட்டைக் கழுவி வைத்தேன். பிறகு என் பாயையும் தலையணையையும் எடுத்து, பெண்கள் படுக்கிற மூலையில் போட்டேன். அவர் அதன் பேரைச் சொல்லவே இல்லை. நானும் இருக்குதா இல்லையா என்று அவரிடம் சொல்லவில்லை.