மஞ்சள் லைட்டை யார் நம்புகிறார்கள்?

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனுக்கு வீதியில் போகிற எல்லோரும் முதலாளிகள்தான். எதிரே வருகிறவர் லைட் அடித்து ஒதுங்கச் சொல்வார், பின்னால் வருகிறவர் லைட் அடித்து ஓடச் சொல்வார், பிள்ளைகளின் அம்மாமார் மெதுவாகப் போகச் சொல்வார்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடிந்தால் மட்டுமே அவன் நல்ல டிரைவர்.

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளை ஏற்றி, டவுனில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பகலில் திரும்ப ஏற்றிவந்து அவரவர் லயத்தடியில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளடியில், இறக்குவது என் வேலை. நீங்களும் வாகனம் ஓட்டுகிறவராக இருந்தால் நான் சொல்லப்போகிற வேதனை உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஓட்டாதவராக இருந்தால் நிம்மதியாக இருங்கள், வீதியைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துப் போங்கள்.

முதுகில் விழுந்த வெளிச்சம்

ஒரு நாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. என் பின்னால் ஒரு ஜீப். அதன் பம்பரின் மேல் நீட்டுக்கு ஒரு வெள்ளை லைட் பட்டை பூட்டியிருந்தார்கள். அந்த வெளிச்சம் பின் கண்ணாடி வழியாக வந்து, வேன் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பின் சீட்டுப் பிள்ளைகள் கொப்பியைத் திறந்து, விடுபட்டுப்போன வீட்டுப்பாடத்தை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் முன்னால் வீதி தெரியவில்லை. ஓரங்கட்டி வழி விட்டால் அவர் முந்தவும் மாட்டேன் என்கிறார். நான் வேகம் குறைத்தால் அவரும் குறைக்கிறார்.

கடைசியில் பெற்றோல் அடிக்கிற செட்டில் ஆளைப் பிடித்தேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன், அப்பாவுடைய ஜீப். "தம்பி, ஒங்க லைட்டு என் கண்ணையே புடுங்கிருச்சு" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "முன்னால போற ஒங்களுக்கே இப்படின்னா, ஓட்டுற எனக்கு ரோட்டு எப்படித் தெரியும்னு நெனச்சுப் பாருங்கண்ணே!"

நேராகப் போகிறவர்

இரண்டு பக்கத்து மஞ்சள் லைட்டும் ஒன்றாக மின்னுவதை நாங்கள் டபள் சிக்னல் என்போம். வாகனம் பழுதாகி நடுவழியில் நிற்கிறது, இங்கே ஆபத்து இருக்கிறது, கவனமாக வாருங்கள் என்று சொல்வதற்காக ஏற்பட்ட லைட் அது. எங்கள் பக்கம் அதற்குக் கிடைக்காத வேலை இல்லை. கல்யாண ஊர்வலத்தில் எல்லா வாகனமும் அதைப் போட்டுக்கொண்டு போகும். மழை பெய்தால் போடுவார்கள். வீதியோரம் ரம்புட்டான் பழம் குவித்து வைத்திருப்பதைக் கண்டால் வளைவென்றும் பார்க்காமல் போட்டு நிறுத்துவார்கள். அந்த சுவிட்சை அமுக்கிவிட்டால் வீதி தன் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டது என்று ஒரு நம்பிக்கை.

என் கூட்டாளி செபஸ்தியான் த்ரீவீல் ஓட்டுகிறான். நல்லவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். ஆனால் டவுன் சந்தியில் நேராகப் போக வேண்டுமென்றால் டபள் சிக்னல் போடுவான். ஒரு நாள் அவனுடைய இடது லைட் மட்டும் என் கண்ணில் பட, இடது பக்கம் திரும்புகிறான் என்று நினைத்து நான் வேனை எடுக்க, மயிரிழையில் தப்பினோம். இறங்கிப்போய் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எடது பக்கம் போறவனுக்கு ஒரு லைட்டு இருக்கு, வலது பக்கம் போறவனுக்கு ஒண்ணு இருக்கு. ஒழுங்கா நேராப் போறவனுக்கு இந்த நாட்டுல ஒரு லைட்டும் இல்லையேடா!"

புஷ்பம் சொன்ன கணக்கு

இதுவரைக்கும் சிரிக்கலாம். சிரிக்க முடியாத இடம் ஒன்று எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிஷன் வளைவில் இருக்கிறது. டவுனிலிருந்து வரும்போது வேன் இடது ஓரம் நிற்கும், லயம் வலது பக்கம். வேனைத் திருப்ப அங்கே இடமில்லை. பிள்ளைகள் வீதியைக் கடந்துதான் ஆக வேண்டும். நான் டபள் சிக்னலைப் போடுவேன். அதை யாரும் நம்ப மாட்டார்கள். எப்படி நம்புவார்கள்? முன் வளைவிலும் ஒருவர் அதே லைட்டைப் போட்டுக்கொண்டு ரம்புட்டான் தின்கிறாரே.

ஒரு நாள் பகல், நல்ல மழை. இரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. தர்ஷினி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை, குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் வந்த பஸ் ஒன்று ஹெட்லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்தபடி, என் வேனைத் தாண்டி விரைந்தது. வெளிச்சத்தில் கண் கூசிப்போய் பிள்ளை நடு வீதியிலேயே நின்றுவிட்டாள். பஸ் கொண்டுபோனது குடையை மட்டும்தான். நான் ஓடிப்போய் அவளை வீதியைக் கடத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் அவளுடைய அம்மா புஷ்பம் நின்றிருந்தாள். தோட்டத்தில் பால்வெட்டு வேலை. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள். பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்து, இனி இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போவதில்லை என்றாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. டவுனுக்குப் போகாவிட்டால் தர்ஷினியின் படிப்பு அதோடு சரி. நான் கெஞ்சினேன். இனி நானே இறங்கிக் கையைப் பிடித்துக் கடத்திவிடுகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் இந்தத் தவணை முடிந்து லீவு விடும்வரை பார்க்கலாம் என்று அரைமனதாகச் சம்மதித்தாள். போகும்போது சொன்னாள்: "படிச்சு முன்னுக்கு வரணும்னுதான் அண்ணே அனுப்புறேன். அதுக்கு மொதல்ல வூடு வந்து சேரணும்ல?"

கொடி கட்டிய வளைவு

சொன்னபடி நானே இறங்கி நின்றேன். ஒரு கையில் பிள்ளைகள், மற்றக் கையை உயர்த்தி வாகனங்களை நிறுத்தப் பார்க்கிறேன். என்னையும் லைட் அடித்துத்தான் விரட்டினார்கள். கண்ணில் வெளிச்சம் விழுந்தால் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. புஷ்பம் தினமும் எதிர்ப்பக்கம் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் மேல் லயத்தில் ஒரு பெரியவர் காலமானார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீதி நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். அன்றைக்கு ஓர் அதிசயம் நடந்தது. கொடியைக் கண்டதும் ஒவ்வொரு வாகனமும் மெதுவானது. லைட்டை டிம் பண்ணினார்கள். பாட்டை நிறுத்தினார்கள். முந்தப் பார்த்த லொறிகூட முந்தவில்லை. பிள்ளைகள் தேர் பார்க்கப் போகிற மாதிரி நிதானமாகக் கடந்து போனார்கள். அடக்கம் முடிந்து கொடியை அவிழ்த்த அன்றே பழையபடி பறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கொடியை அப்படியே விட்டிருக்கலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அங்கிருந்த பெண்கள் என்னை அடிக்காத குறை. சாவு இல்லாத இடத்தில் வெள்ளைக் கொடி தொங்கினால் அது இன்னொரு ஆளைக் கேட்குமாம். புஷ்பம் மட்டும் ஏசவில்லை. வெறும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "செத்தவருக்கு லைட்ட எறக்குறாங்க. உசுரோட இருக்கிற எம்புள்ளைக்கும் எறக்குனா என்னாண்ணே?"

பிளேன்டீ தன்சல்

பௌத்தர்களின் பொசன் பண்டிகை வாரம் வந்தது. சிங்கள ஊரில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தன்சல் என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. வீதியோரம் பந்தல் போட்டு, கொடி அசைத்து, போகிற வருகிற வாகனத்தையெல்லாம் நிறுத்தி இலவசமாகச் சாப்பாடோ ஐஸ்கிரீமோ கொடுப்பார்கள். என் வேனும் ஒரு கடலைத் தன்சலில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகளை இறக்கத் தாமதமாகிவிட்டது. வளைவில் காத்திருந்த புஷ்பத்திடம் காரணம் சொன்னேன். என் பின்னால் குடையைக் கொண்டுபோன அதே பஸ்ஸும் நின்றது, அந்த டிரைவர் இறங்கி வரிசையில் நின்று கடலை வாங்கினார் என்றும் சொன்னேன். "அப்ப அந்த ஆளு நிப்பாட்டுவாரு. நம்மதான் ஒண்ணும் குடுக்கல" என்றாள்.

அடுத்த நாளே லயத்துப் பெண்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். தன்சல் என்பது பௌத்தர்கள் செய்வது, நாங்கள் செய்யலாமா என்று ஒரு தயக்கம் வந்தது. வளைவில் கடை வைத்திருக்கும் சிங்கள அம்மா, செய்யாமல் என்ன என்று சொல்லித் தன் அண்டாவையும் கொடிகளையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். பொலிஸில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தோம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரம் அந்த வளைவில் பால் சேர்க்காமல் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும், அவித்த மரவள்ளிக்கிழங்கும், தேங்காய்ச் சம்பலும் தயார். செபஸ்தியான் கொடி அசைத்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையை அவன் நன்றாகச் செய்தான்.

நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறி நின்றது. வெள்ளைக்காரர்களை ஏற்றிய வேன் நின்றது. அந்த பஸ்ஸும் நின்றது. பிள்ளைகள் யூனிபோர்முடனேயே கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒவ்வொரு டிரைவரிடமும் சிங்களத்தில் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். இது நாங்கள் கடக்கிற இடம், வேனில் மஞ்சள் லைட் மின்னினால் கொஞ்சம் நின்று போங்கள், ஹெட்லைட்டை டிம் பண்ணுங்கள். பஸ் டிரைவருக்குத் தேநீர் கொடுத்தது தர்ஷினி. அவர் பெரிய உடம்புக்காரர், ஐம்பது வயதிருக்கும். குடையைக் கொண்டுபோனது தன் பஸ் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. குடையின் கதையை அவள் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தம்பி என்ற பொருளில் மல்லி என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார். "தினமும் உன் லைட் மின்னுறதப் பார்க்கிறேன் மல்லி. நீயும் ரம்புட்டான் வாங்கத்தான் நிக்கிறேன்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை

தேநீர் குடிக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். திங்கட்கிழமை என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. தவணை முடியவும் அதிக நாள் இல்லை. அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டியது. வளைவில் வேனை நிறுத்தி டபள் சிக்னலைப் போட்டேன். எதிர்ப்பக்கம் புஷ்பம், தலையில் பொலித்தீன் உறையைப் போட்டுக்கொண்டு நின்றாள். தர்ஷினி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இறங்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

பின்னால் அந்த பஸ் வந்தது. கண்ணாடியில் முழு வெளிச்சம். பிறகு அந்த வெளிச்சம் இறங்கியது. பஸ் மெதுவாகி, வேனுக்குப் பின்னால் நின்றது. அதற்கும் பின்னால் வந்த கார் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வலது பக்கம் வெட்டி முந்தப் பார்த்தது. உடனே டிரைவர் பஸ்ஸை நடு வீதிக்கு எடுத்துக் குறுக்கே வைத்து அடைத்துவிட்டு, தானும் டபள் சிக்னலைப் போட்டார். எதிரே வந்த லொறிக்கு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். லொறிக்காரரும் நின்று லைட்டை டிம் பண்ணினார். வெள்ளிக்கிழமை இரண்டு தரம் மரவள்ளிக்கிழங்கு கேட்டு வாங்கியவர் அவர். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடந்தேன். நடு வீதியில் தர்ஷினி நின்று பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தாள், எனக்குத்தான் அவசரம்.

புஷ்பம் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. பஸ் நின்ற இடத்தையும் லொறி நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நான்கு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணே, சனிக்கிழமையில கணக்கு டியூஷன் இருக்காம். அதுக்கும் ஒங்க வேன் ஓடுங்களா?"

ஆக, மஞ்சள் லைட்டை நம்பி வாகனம் நிற்கிற இடம் இந்த வீதியில் ஒன்றாவது இருக்கிறது, மற்ற வளைவுகளில் நீங்களே ஒரு அண்டா பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.