ரேடியேட்டரில் மிதந்த எண்ணெய்

என் மச்சினன் எங்கள் வீட்டுப் படியேறி நாலு வருஷம் ஆகியிருந்தது. நிலம் பாகம் பிரித்ததில் வந்த சண்டை. அதை ஊதிப் பெரிதாக்கியதில் என் வாய்க்கும் பங்குண்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போன மாசம் அவனே அனுமந்தன்பட்டியிலிருந்து தேனிக்கு வந்து நின்றான். "மாமா, பொண்டாட்டி வீட்டு விசேஷத்துக்குக் குமுளி போகணும். ரெண்டு நாளைக்குக் காரத் தர முடியுமா?"

சாவியைக் கொடுத்தேன். கழுவித் துடைத்து, டீசல் நிரப்பி, சொன்ன நாளில் கொண்டுவந்து விட்டான். தம்பி பேசிவிட்டால் குச்சனூர் கோயிலில் விளக்குப் போடுவதாக வேண்டியிருந்தாள் என் மனைவி. அந்தச் சனிக்கிழமையே கிளம்பினோம்.

செக்கு எண்ணெயை அவள் ஒரு பழைய தண்ணீர் கேனில் எடுத்து வந்தாள். விளக்குப் போட்டு முடித்ததும், வெறும் கேனை எதற்குச் சுமப்பானேன் என்று கோயில் குழாயில் தண்ணீர் பிடித்து டிக்கியில் வைத்தேன். நான்தான் வைத்தேன்.

திரும்பும் வழியில் வயல்களுக்கு நடுவே இஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. அரை மணி நேரம் ஆறவிட்டு, துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி, கேன் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, முள் மறுபடி ஏறியது. ஓரங்கட்டிவிட்டு, சின்னமனூரில் தெரிந்த மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன்.

அவர் வந்து சேர்வதற்குள் இஞ்சின் ஆறியிருந்தது. மூடியைத் திறந்து போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தண்ணீரின் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

"தண்ணியில ஆயில் கலந்திருக்கு சார். ஹெட் கேஸ்கட் போயிருக்கும் போல."

"அப்படின்னா?"

"இஞ்சினோட மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவுல ஒரு தகடு இருக்கும். அது தீஞ்சா ஆயிலும் தண்ணியும் ஒண்ணாயிரும். இஞ்சினப் பிரிக்கணும். சூட்டோட மலையேத்தினாகளா யாராச்சும்?"

குமுளிக்கு மலையேறித்தான் போக வேண்டும். மலை என்ற சொல் காதில் விழுந்ததும் வேறெதுவும் விழவில்லை. 'போல' என்று அவர் சொன்னதும் விழவில்லை. அந்த இடத்திலேயே மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"ஓசி வண்டிதானேன்னு மிதிச்சு ஏத்துனியா? பாகம் பிரிக்கயில காட்டுன அதே புத்திதான உனக்கு?"

"இல்ல மாமா, ரெண்டு எடத்துல நிப்பாட்டி, ஆறவிட்டுத்தான் ஏத்துனேன்" என்றான். போனை வைத்துவிட்டேன்.

"நாலு வருஷத்தையும் ஒரே போன்ல திருப்பிட்டீக" என்றாள் மனைவி.

இதற்குள் மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெயிலில் பிடித்திருந்தார். "கேஸ்கட் போயிருந்தா ஆயில் மோரு மாதிரி வெளுத்திருக்கும். இது சுத்தமா இருக்கே." மூடியைத் திறந்தபடியே வண்டியை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழி வரவில்லை. பின்னால் போய் சைலன்சரைப் பார்த்தார், வெள்ளைப் புகையும் இல்லை. வண்டியை நிறுத்தி, மிதந்த எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்து பார்த்தார். பிறகு அந்த விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நல்லெண்ணெ வாசம் அடிக்குது சார்."

சன்னதியில் இருந்த அதே வாசம். டிக்கியில் கிடந்த கேனை மனைவி எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அடியில் எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது. பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், இதுகூட எனக்குத் தோன்றவில்லை.

கோளாறு ரேடியேட்டர் விசிறியில். அதன் பியூஸ் போயிருந்தது. ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார். "ரேடியேட்டர மட்டும் ரெண்டு தரம் கழுவிருவோம். சாமிக்குக் கொண்டுபோனத வண்டிக்கு ஊத்திட்டீகளே" என்று சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் கூப்பிட்டபோது மச்சினன் எடுக்கவில்லை. மனைவி தன் போனில் கூப்பிட்டதும் எடுத்தான். வாங்கிப் பேசினேன். "விசிறி பியூஸுதான் போயிருக்கு. விளக்கு எண்ணெ இருந்த கேன் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துனது நான்தாம்ப்பா. அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

"சரி மாமா. அக்கா விளக்குப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"நல்லது. வண்டிச் சாவிய இனிமே எங்கிட்டக் குடுக்காதீக மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். எப்போதும் என் பக்கத்தில் முன்சீட்டில் உட்காருகிற மனைவி, தேனி வரும்வரை பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.