கழற்றி வைத்த டிஸ்க்

படித்து முடித்ததும் "பல்லு நல்லா ரீல் விடறான்" என்று சொல்லப் போகிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன்... சிலதை எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

பல்லு என்பது என் பட்டப்பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் சின்ன லேப் என்னுடையது. என் அண்ணன் முதுகெலும்பில் அடிபட்டுப் பல வருடமாகப் படுத்த படுக்கை. நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். எங்களைப் போல வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் ஒன்று சேர்ந்தோம். முதலில் பெரிய சமூகத் தளங்களில்தான் எழுதினோம். படுக்கைப் புண் என்று எழுதினால் மெத்தை விளம்பரம் வந்து நிற்கும். புண்ணைப் படமெடுத்துப் போட்டு மருந்து கேட்டால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

அப்போதுதான் எங்களில் ஒருவரான நர்ஸ் அக்கா வேறு வழி சொன்னார். இலவச மென்பொருள்தான். யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக் கணினியில் போட்டு, அதையே ஒரு குட்டி சர்வராக நடத்தலாம். முதலாளி என்று யாரும் கிடையாது. அக்கா வீட்டில் ஒரு சர்வர், என் லேபில் ஒன்று, வேறு ஊர்களில் சில. அக்கா அங்கே எழுதினால் அது எங்கள் எல்லோருடைய சர்வருக்கும் வந்து சேரும். பொய்யாக யாரும் அனுப்ப முடியாது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. கடிதத்தில் முத்திரை குத்துவது போல அந்தச் சாவியால் குத்தித்தான் பதிவு வெளியே போகும்.

எங்களுக்குள் ஒரு பழக்கம். மாலையில் எல்லோரும் ஒரே ஒரு வார்த்தை எழுதுவோம். "இருக்கேன்." அவ்வளவுதான். நாம் மட்டும் தனியாக இல்லை என்று தெரிந்தால் போதும்.

அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்தவர். பேச்சு இல்லை, ஒரு பக்கம் கை கால் அசைவு இல்லை. ஒரு நாள் அக்காவின் கொழுந்தனார் எங்கள் குழுவில் 'தாடி' என்று கூப்பிடுகிற நண்பனுக்கு போன் செய்தார். அக்கா போன பஸ் ஆற்றில் கவிழ்ந்துவிட்டதாம். அக்கா போய்விட்டார்.

தாடி அக்காவின் ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். அவன் அப்பாவும் படுக்கையில்தான். அக்கா வீட்டுக்குப் போய் அந்தப் பழைய கணினியை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சேர்த்தான்.

"இதுல எத்தனை பேரோட அழுகை இருக்கு தெரியுமா பல்லு? எப்படியாவது எடுத்துக் காப்பாத்திடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை லேப் விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அக்காவின் கணினியைத் திறந்து, பதிவுகளும் சாவியும் சேமித்திருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, வேலை மேஜையில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன். ஒயர் எதுவும் இல்லை. கரண்ட் இல்லை. இதை இரண்டு தடவை சொல்லலாம்... அந்த டிஸ்க்கில் ஒயர் எதுவும் இல்லை.

என் சர்வரின் திரை பக்கத்தில் திறந்திருந்தது.

டிங்.

நர்ஸ் அக்காவின் படம். பக்கத்தில், "இருக்கேன்."

திரையை ஒரு தடவை உற்றுப் பார்த்தேன். பிறகு சிரித்துக்கொண்டேன். எப்போதோ எழுதியது வழியில் சிக்கியிருக்கும், இப்போது வந்து சேர்ந்திருக்கும். இந்த ஏற்பாட்டில் அப்படி நடப்பதுண்டு.

எழுதிய நேரத்தைப் பார்த்தேன். அன்றைய தேதி. மாலை 4.42.

சுவர்க் கடிகாரத்திலும் 4.42.

முத்திரையைச் சோதித்தேன். சரியான முத்திரை. அந்தச் சாவி இருப்பது ஒரே இடத்தில்... துண்டின்மேல்.

தாடிக்கு போன் செய்தேன்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்டா. எவனோ சாவியைத் திருடிட்டான். முதல்ல அந்த சர்வரைத் தடை பண்ணு."

டிங்.

"சைகையில தண்ணி கேக்கறார்."

டிங்.

"கட்டில்லேர்ந்து கீழ விழுந்துட்டார்."

டிங்.

"என்னால தூக்க முடியல."

கடைசி வரியைப் படித்ததும் தடை பட்டனை அழுத்தினேன். இனி அந்த சர்வரிலிருந்து ஒரு எழுத்துகூட எனக்கு வராது.

அமைதி.

வெளியே ஒரு ஸ்கூட்டர் போயிற்று. பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் கேட்டது. மெல்லிய ரீங்காரம். ம்ம்ம்ம்... என்று. ஃப்ரிட்ஜ் என்று நினைத்தேன். லேபில் ஃப்ரிட்ஜ் கிடையாது.

டிஸ்க்மேல் விரலை வைத்தேன்.

சுற்றிக்கொண்டிருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்தேன். ரீங்காரம் கூடியது. மேஜை அதிர்ந்தது. அலமாரி அதிர்ந்தது. அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள். ஒவ்வொன்றும் மேல்தாடையும் கீழ்த்தாடையுமாக ஜோடி. அத்தனையும்...

கட கட கட கட...

குளிரில் நடுங்குகிற மாதிரி. ஒன்றாக.

டிங்.

தடை செய்த பிறகு யார்?

வேறு ஊர் சர்வரிலிருந்து டெய்லராக இருக்கும் ஒரு தங்கை. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள். அந்த ஊர்களில் யாரும் தடை போடவில்லை. நான் என் கதவைத்தான் சாத்த முடியும். அவர்கள் கதவெல்லாம் திறந்தே இருந்தது.

"பல்லு அண்ணா, இப்ப அக்கா எனக்கு எழுதியிருக்காங்க. அப்படியே காப்பி பண்ணிப் போடறேன். 'பல்லுத் தம்பி கதவைச் சாத்திட்டான். அவன்கிட்ட யாராவது சொல்லுங்க. வீடு வெளியில பூட்டியிருக்கு. அவருக்கு மூச்சு இழுக்குது.' அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. யாராவது போய்ப் பாருங்களேன்."

அக்கா போன பிறகு அந்த வீட்டில் அவர் கணவரோடு சம்பளத்துக்கு ஒரு ஆள் தங்கியிருந்தான். லேப் போனிலிருந்து கொழுந்தனாருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அந்த ஆளுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

தாடி இன்னும் லைனில் இருந்தான்.

"தாடி, அக்கா வீட்டுக்குப் போடா."

"பைத்தியமா உனக்கு?"

"போடா!"

வேன் கிளம்பும் சத்தம் போனில் கேட்டது. நான் நகரவில்லை. பிளாஸ்டர் பற்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு கீழ்த்தாடை அலமாரி விளிம்புக்கு வந்து, விழுந்து, இரண்டாக உடைந்தது. எழுந்து விளக்கைப் போடக்கூடத் தோன்றவில்லை. ஷட்டருக்குக் கீழே இருந்த வெளிச்சம் மெதுவாகச் சுருங்கியது.

"பல்லு... வந்துட்டேன்."

"சொல்லு."

"வெளியில பூட்டு தொங்குது."

"உடை!"

டங்... டங்... டங்...

கதவு கிறீச்சிட்டது. பிறகு அவன் மூச்சு மட்டும்.

"தாடி?"

"..."

"தாடி!"

"கீழ கிடக்கறார்டா. உயிர் இருக்கு... உயிர் இருக்கு! ஆம்புலன்ஸுக்குச் சொல்லு!"

ரீங்காரம் நின்றது.

சட்டென்று. யாரோ கையை எடுத்த மாதிரி.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். சம்பள ஆள் காலையிலேயே பூட்டிக்கொண்டு போனவன், திரும்பி வரவே இல்லை. தாடி எல்லாப் பதிவையும் அழிக்கச் சொன்னான். என்னிடம் அழித்து என்ன பயன்? மற்ற சர்வர்களில் நகல் இருந்துகொண்டுதான் இருக்கும். விட்டுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கொழுந்தனாரோடு உட்கார்ந்திருந்தேன். மனிதர் உடைந்துபோயிருந்தார்.

"நான் வெளியூர்ல கிடக்கறவன் சார். பஸ் கவிழ்ந்ததே எனக்குத் தெரியாது. அண்ணி உடம்பு கீழ ஒரு கிராமத்துல ஒதுங்கி, போலீஸ் கண்டுபிடிச்சுச் சொல்லவே ஒன்பது நாள் ஆச்சு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"அந்த ஒன்பது நாளும் உங்க அண்ணனை யார் பார்த்துக்கிட்டாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் உள்ள போகல. அண்ணி வீட்டுலதான் இருக்காங்கன்னு நினைச்சாங்களாம். தினமும் குழாய்ச் சத்தம் கேட்டுதாம். நான் கதவை உடைச்சு உள்ள போனப்போ... அண்ணன் சுத்தமா இருந்தார் சார். தலை சீவி, பவுடர் போட்டு. ஷேவ்கூடப் பண்ணியிருந்துச்சு."

அன்று வீட்டுக்குப் போனதும் அந்த ஒன்பது நாள் பதிவுகளைத் தேடினேன். அக்கா இறந்த தேதியை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. கடைசிப் பதிவுக்கு மறுநாள் என்று நாங்களாக நினைத்திருந்தோம்.

எல்லாம் என் சர்வரில் இருந்தன. பஸ் கவிழ்ந்த மாலையிலும் "இருக்கேன்" என்று எழுதியிருந்தார். அதற்கு மறுநாளும். நாங்கள் எல்லோரும் அவரோடு பேசியிருக்கிறோம். ஐந்தாம் நாள் எனக்கே ஒன்று எழுதியிருந்தார். அதற்குப் பதிலும் போட்டிருக்கிறேன். வேலை அவசரத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"தம்பி, என் கை ரெண்டு நாளா ஐஸ் மாதிரி இருக்கு. தொட்டா அவருக்குத் தூக்கிப் போடுது. என்ன பண்றது?"

"உள்ளங்கையை நல்லா தேய்ச்சுச் சூடாக்கிட்டு அப்புறம் தொடுங்க அக்கா."

ஐந்து நிமிடம் கழித்து அக்காவின் பதில்.

"தேய்ச்சுப் பார்த்துட்டேன் தம்பி. சூடே வரல."